மண்ணைக் கேட்டு உரம் போடுவோம்

 

நாம் எழுத்துப் படித்தோம். எண் படித்தோம். பஸ் போர்டைப் படிக்கிறோம். ரேஷன் கார்டைப் படிக்கிறோம். வங்கிச் சீட்டை நாமே நிரப்புகிறோம். இன்று இன்னொன்றைப் படிப்பது பற்றிப் பேசப் போகிறோம். அதுதான் நம் வயல் மண்.

மண்ணைப் படிக்க முடியுமா? முடியும். மண்ணுக்கு என்ன குறை என்று தெரிந்துகொள்ளலாம். அதற்குத் தக்கபடி உரம் போடலாம். வீண் செலவைக் குறைக்கலாம். பெய்கிற மழையைக்கொண்டே கூடுதலாக விளைவிக்கலாம். இது வெறும் பேச்சு அல்ல. ஆராய்ச்சி நிலையங்கள் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கண்ட உண்மை. நம் கோலார் மாவட்டத்து வயல்களிலேயே செய்து பார்த்த உண்மை.

வானம் பார்த்த பூமி

நம் ஊர் தங்க வயல். நூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கே பூமிக்கு அடியில் வேலை நடந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு நம் மக்கள் பல வேலைகளுக்குப் போனார்கள். விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். சிலருக்குப் பேத்தமங்கலம் பக்கம் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ நிலம் இருக்கிறது. சிலருக்குக் குடியாத்தம், ஆம்பூர், சித்தூர் பக்கம் சொந்த ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. சிலர் குத்தகைக்குப் பயிர் வைக்கிறார்கள். சிலர் அடுத்தவர் வயலில் கூலிக்குக் களை எடுக்கிறார்கள். யாராக இருந்தாலும் சரி, நிலம் விளைந்தால்தான் வீட்டில் ராகிக் களி.

இந்த நிலம் எப்படிப்பட்டது? வானம் பார்த்த பூமி. கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. நம் பேத்தமங்கலம் ஏரி வழியாகத்தான் போகிறது. ஆனால் பெரும்பாலான நாட்களில் ஆற்றில் தண்ணீர் இருக்காது. மணல்தான் இருக்கும். போர் போட்டால் பல இடங்களில் ஆயிரம் அடிக்குக் கீழே போகவேண்டி இருக்கிறது. அப்படிப் போனாலும் தண்ணீர் வரும் என்று நிச்சயம் இல்லை. போர் போடக் கடன் வாங்கிக் கெட்டவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆண்டுக்குச் சுமார் 700 முதல் 750 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. அதுவும் ஒழுங்காகப் பெய்வதில்லை. ஒரு வாரம் கொட்டும். பிறகு ஒரு மாதம் எட்டிப் பார்க்காது. 2023ஆம் ஆண்டில் கர்நாடகத்தின் பெரும்பாலான தாலூகாக்கள் வறட்சிப் பகுதிகள் என்று அறிவிக்கப்பட்டன.

மழை குறைவு. தண்ணீர் இல்லை. அப்படியானால் இந்த நிலத்தில் விவசாயம் செய்ய முடியாதா? இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உள்ள கேள்வி அல்ல. உலகத்தில் கோடிக்கணக்கான மக்களுக்கு இதே கேள்விதான். அவர்களுக்காக ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது நம் பக்கத்து மாநிலத்தில்தான் இருக்கிறது.

பட்டாஞ்சேரு ஆராய்ச்சி நிலையம்

ஹைதராபாத் நகரத்துக்குப் பக்கத்தில் பட்டாஞ்சேரு என்று ஓர் ஊர். அங்கே 1972ஆம் ஆண்டில் இந்த நிலையம் தொடங்கப்பட்டது. இக்ரிசாட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வறண்ட வெப்ப நாடுகளின் பயிர்களை ஆராயும் சர்வதேச நிலையம் அது. நம் சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் கம்பெனி தொடங்கியதும் அதே 1972இல்தான். அந்தக் கம்பெனி பூமியின் ஆழத்தைத் தோண்டியது. இந்த நிலையம் பூமியின் மேல் தோலை ஆராய்ந்தது.

இந்த நிலையம் நெல்லையும் கரும்பையும் ஆராய்வதில்லை. ஏழை விவசாயியின் பயிர்களைத்தான் ஆராய்கிறது. சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவை அதன் முக்கியப் பயிர்கள். ராகியும் பிறகு சேர்ந்துகொண்டது. ஆப்பிரிக்காவிலும் இதற்குக் கிளைகள் உண்டு. அங்கேயும் நம்மைப் போலவே வானம் பார்த்த பூமி அதிகம்.

பட்டாஞ்சேருப் பண்ணையில் ஒரு வசதி உண்டு. ஒரே பண்ணையில் கரிசல் மண்ணும் இருக்கிறது. செம்மண்ணும் இருக்கிறது. இரண்டு மண்ணிலும் பயிர் வைத்துப் பார்க்கலாம்.

அங்கே ஒரு விதை வங்கி இருக்கிறது. நம் வங்கியில் பணம் போட்டு வைப்பது போல அங்கே விதை போட்டு வைக்கிறார்கள். 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் அங்கே இருக்கின்றன. உலகத்தின் பல நாடுகளிலிருந்து வந்தவை. நீண்ட காலம் காக்கவேண்டிய விதைகளை மைனஸ் 20 டிகிரிக் குளிரில் வைக்கிறார்கள். அது ஐஸை விட மிகக் கடுமையான குளிர். இந்த விதைகள் எல்லாம் யார் கொடுத்தவை? பெரும்பாலும் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த நாட்டு விதைகள்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். துவரைக்கு வாடல் நோய் வரும். செடி பசுமையாக நிற்கும். திடீரென்று வாடிச் சாகும். மகாராஷ்டிரத்தில் கிடைத்த ஒரு நாட்டுத் துவரையிலிருந்து இந்த நோயைத் தாங்கும் செடிகளை விஞ்ஞானிகள் பொறுக்கி எடுத்தார்கள். அது மாருதி என்ற பெயரில் 1980களில் கர்நாடகத்தில் வெளிவந்தது. வடக்கே குல்பர்கா பக்கம் நன்றாகப் பரவியது. விவசாயியின் விதை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனது. அங்கிருந்து வலுவோடு விவசாயிக்கே திரும்பி வந்தது. ஆராய்ச்சி என்பது இப்படி இரண்டு பக்கமும் போய்வரும் பாதை.

ஒரே மழை, இரண்டு வயல்

பட்டாஞ்சேருவில் 1976ஆம் ஆண்டில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். பல பத்து ஆண்டுகள் அதை விடாமல் நடத்தினார்கள்.

பக்கத்துப் பக்கத்தில் கரிசல் மண் நிலங்கள். இரண்டுக்கும் ஒரே மழை. ஒரு நிலத்தில் பழைய முறை. மழைக்காலம் முழுவதும் நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு, மழை நின்ற பிறகு ஒரே ஒரு பயிர். இன்னொரு நிலத்தில் புதிய முறை. மேட்டுப் பாத்தியும் வாய்க்காலும் போட்டார்கள். சோளமும் துவரையும் கலந்து விதைத்தார்கள். நல்ல விதை போட்டார்கள். தேவையான சத்தும் போட்டார்கள்.

என்ன நடந்தது? பழைய முறையில் ஓர் எக்டேருக்குச் சராசரி 1 டன் அளவுக்கு விளைந்தது. புதிய முறையில் 5 டன் அளவுக்கு விளைந்தது. ஓர் எக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். மழை ஒன்றுதான். விளைச்சல் ஐந்து மடங்கு!

நம் வயலிலும் ஐந்து மடங்கு விளையுமா என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்ல மாட்டேன். அது கரிசல் மண். தண்ணீரைப் பிடித்து வைக்கும். நம்முடையது செம்மண். தண்ணீரை அவ்வளவு பிடித்து வைக்காது. ஆனால் ஒரு பாடம் நமக்கும் பொருந்தும். மழை குறைவாக இருப்பது ஒரு குறை. பெய்த மழையைப் பயிர் முழுவதும் பயன்படுத்தாமல் போவது இன்னொரு குறை. முதல் குறை வானத்தின் கையில். இரண்டாவது நம் கையில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். ஒரே மாலையில் 25 மில்லி மீட்டர் பெய்தால்? 1 லட்சம் லிட்டர்! அவ்வளவு தண்ணீரும் நம் ஒரு ஏக்கரில் இலவசமாக வந்து விழுகிறது. சரிவைப் பார்த்து உழுதால் அது ஓடிப் போகும். நல்ல மேல் மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். சரிவுக்குக் குறுக்கே உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு சின்ன அணை போல நின்று தண்ணீரைப் பிடிக்கும்.

நம் ராகியின் கதை

நம் கர்நாடகத்திலும் ஆராய்ச்சி நடக்கிறது. பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1964இல் தொடங்கியது. அதன் ஜி.கே.வி.கே. வளாகத்தில் ராகிக்கும் மானாவாரி விவசாயத்துக்கும் தனித்தனி ஆராய்ச்சிப் பிரிவுகள் இருக்கின்றன.

ராகி லட்சுமணய்யா என்று ஒருவர் இருந்தார். மண்டியாவில் உள்ள விஸ்வேஸ்வரய்யா கால்வாய்ப் பண்ணையில் ராகி ஆராய்ச்சி செய்தார். அவருடைய பெயருக்கு முன்னால் மக்கள் ராகி என்று சேர்த்தே சொன்னார்கள். ராகி பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயிர். அவர் இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் சேர்த்துப் புதிய ரகங்களை உண்டாக்கினார். ராகிப் பூ மிகச் சின்னது. அதில் ஒட்டுக் கட்டுவது எளிதல்ல. பொறுமையாகச் செய்தார். இந்தியா, ஆப்பிரிக்கா என்ற இரண்டு பெயரையும் சேர்த்து அந்த ரகங்களுக்கு இண்டாஃப் என்று பெயர் வைத்தார்கள். அவற்றால் ராகி விளைச்சல் நன்றாக உயர்ந்தது.

பிறகு ஜி.பி.யூ. 28 என்ற ரகம் வந்தது. ராகிக்கு வரும் குலை நோயை அது தாங்கி நின்றது. அதனால் விவசாயிகள் அதை விரும்பி விதைத்தார்கள்.

கலப்புப் பயிரைப் பற்றியும் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. ராகி வயலில் அவரையும் துவரையும் கடுகும் சால் சாலாக விடுவது நம் பெரியவர்களின் பழக்கம். கன்னடத்தில் அக்கடி என்பார்கள். பல்கலைக்கழகம் இதற்கு ஒரு கணக்குச் சொன்னது. 8 வரிசை ராகிக்கு 2 வரிசை துவரை. ராகியின் வேர் மேலாக மேயும். துவரையின் வேர் ஆழமாகப் போகும். ராகி சுமார் நான்கு மாதத்தில் வீட்டுக்கு வரும். துவரை அதன் பிறகும் நிலத்தில் நிற்கும். ஒன்று தவறினாலும் ஒன்று கிடைக்கும். துவரையின் வேர் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்து வைக்கும். அதன் இலை உதிர்ந்து மண்ணுக்கு உரமாகும்.

மண்ணுக்கும் பசி உண்டு

நல்ல விதை இருக்கிறது. நல்ல முறையும் இருக்கிறது. ஆனாலும் சில வயல்களில் விளைச்சல் ஏறவில்லை. ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடி இக்ரிசாட்டும் கர்நாடக அரசும் சேர்ந்து 2009இல் ஒரு திட்டத்தைத் தொடங்கின. அதன் பெயர் பூசேதனா. முதலில் தொடங்கிய சில மாவட்டங்களில் நம் கோலாரும் ஒன்று. பிறகு அது கர்நாடகம் முழுவதும் பரவியது.

அவர்கள் முதலில் என்ன செய்தார்கள்? உரம் கொடுக்கவில்லை. விதை கொடுக்கவில்லை. மண்ணை எடுத்தார்கள். ஊர் ஊராகப் போய் விவசாயிகளின் வயலில் மண் எடுத்துச் சோதித்தார்கள். மாநிலம் முழுவதும் பல்லாயிரக்கணக்கான மண் மாதிரிகள்.

சோதனை என்ன சொன்னது? தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகிய மூன்றையும்தான் நாம் எப்போதும் பேசுகிறோம். ஆனால் பாதிக்கு மேற்பட்ட வயல்களில் வேறு குறைகள் இருந்தன. கந்தகம் குறைவு. துத்தநாகம் குறைவு. போரான் குறைவு. இவை பயிருக்கு மிகக் கொஞ்சமாகத்தான் தேவை. ஆனால் அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் பயிர் தேறாது.

நம் சமையலைப் பாருங்கள். குழம்பில் பருப்பு இருக்கிறது. காய் இருக்கிறது. புளி இருக்கிறது. உப்பு மட்டும் இல்லை. யாராவது சாப்பிடுவார்களா? உப்பு இல்லை என்பதற்காக இன்னும் இரண்டு கை பருப்புப் போட்டால் சரியாகுமா? ஆகாது. மண்ணும் அப்படித்தான். துத்தநாகம் குறைந்த வயலில் மூட்டை மூட்டையாக யூரியா போட்டாலும் குறை தீராது. யூரியாவில் இருப்பது தழைச்சத்து ஒன்றுதான். இலை பச்சையாகத் தெரியும். மணி பிடிக்காது. பணம் போனது போனதுதான்.

குறை உள்ள வயல்களில் அந்தச் சத்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பயிருக்கும் ஊருக்கும் தக்கபடி 20 சதவீதம் முதல் 60 சதவீதத்துக்கு மேல் வரை விளைச்சல் கூடியது. கூடுதல் மழை பெய்யவில்லை. அதே மழைதான். பசி தீர்ந்த பயிர் வேரை ஆழமாக விடும். ஆழத்தில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சும். அதே தண்ணீரில் அதிக மணி பிடிக்கும்.

இந்தத் திட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மண் சோதனையின் முடிவை ஊர்ச் சுவர்களில் எழுதி வைத்தார்கள். இந்த ஊர் மண்ணில் இன்ன சத்துக் குறைவு, இன்ன உரம் இவ்வளவு போடுங்கள் என்று பெரிய எழுத்தில் எழுதினார்கள். படிக்கத் தெரிந்தவர் நின்று படித்தார். படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் சுவர்தான். எழுத்தறிவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தச் சுவரே பதில்.

சுரங்கத்தில் கற்ற பாடம்

மண் மாதிரி எடுப்பது பெரிய வித்தையா? தங்க வயல்காரர்களுக்கு அது புதிது அல்ல.

சுரங்கத்தில் பாறையைக் கண்ணால் பார்த்தே இதில் இவ்வளவு பொன் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? முடியாது. ஒரு டன் பாறையில் சில கிராம் பொன்தான் இருக்கும். ஆகவே பல இடங்களில் பாறைத் துண்டு எடுப்பார்கள். பொடி செய்வார்கள். கலப்பார்கள். நான்கு பாகமாகப் பிரிப்பார்கள். எதிர் எதிர்ப் பாகங்களைத் தள்ளிவிட்டு மீதியைக் கலப்பார்கள். கடைசியில் ஒரு பிடி சோதனைக்குப் போகும். அஸ்ஸே என்று சொல்வார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வயல் மண்ணுக்கும் கிட்டத்தட்ட இதே முறைதான்.

எப்போது எடுப்பது? அறுவடைக்குப் பிறகு, அடுத்த விதைப்புக்கு முன். நாம் ஜூலை, ஆகஸ்டில் ராகி விதைப்போம். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் எடுத்தால் முடிவு வருவதற்கு நேரம் இருக்கும்.

எங்கே எடுப்பது? வயலில் வளைந்து வளைந்து நடங்கள். 8 அல்லது 10 இடங்களில் எடுங்கள். வரப்பில் எடுக்காதீர்கள். மர நிழலில் எடுக்காதீர்கள். குப்பைக் குழிக்குப் பக்கத்திலும், புதிதாக உரம் போட்ட இடத்திலும் எடுக்காதீர்கள். மேட்டு வயலும் பள்ள வயலும் இருந்தால் இரண்டையும் கலக்காமல் தனித்தனியே எடுங்கள்.

எப்படி எடுப்பது? மேலே உள்ள சருகையும் புல்லையும் ஒதுக்குங்கள். மண்ணைக் கிளறாமல் ஒதுக்க வேண்டும். அரை அடி ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி தோண்டுங்கள். குழியின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுங்கள். எல்லா இடத்து மண்ணையும் சுத்தமான துணியில் கொட்டிக் கலக்குங்கள். உரச் சாக்கில் கொட்ட வேண்டாம். கல்லையும் வேரையும் பொறுக்கிவிடுங்கள். மண்ணை வட்டமாகப் பரப்பி நான்கு பாகம் செய்யுங்கள். எதிர் எதிராக உள்ள இரண்டு பாகங்களைத் தள்ளிவிடுங்கள். மீதியைக் கலந்து மறுபடி இதே போல் செய்யுங்கள். அரை கிலோ வரும்வரை செய்யுங்கள். ஈரம் இருந்தால் நிழலில் உலர்த்துங்கள். பிறகு ஒரு துணிப் பையில் போடுங்கள்.

இப்போது முக்கியமான வேலை. ஒரு சீட்டு எழுத வேண்டும். பெயர், ஊர், சர்வே எண், மண் எடுத்த தேதி, முன்பு வைத்த பயிர், அடுத்து வைக்கும் பயிர். இந்த ஆறும் எழுத வேண்டும். இந்தச் சீட்டை நீங்களே எழுதுங்கள். சீட்டு மாறினால் அடுத்தவர் வயலின் மருந்து நம் வயலுக்கு வரும். ஆகவே கையெழுத்து அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எண் சரியாக இருக்கட்டும்.

எங்கே கொடுப்பது? ஹோப்ளி அளவில் ரைத சம்பர்க்க கேந்திரம் இருக்கிறது. அங்கே கேளுங்கள். கோலாரில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. கட்டணம் உண்டா, முடிவு எப்போது வரும் என்று முதலிலேயே கேளுங்கள். பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள்.

அட்டையைப் படிப்போம்

மத்திய அரசு 2015ஆம் ஆண்டில் மண் வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. அந்த அட்டையில் 12 விஷயங்கள் இருக்கும். அவற்றை எண்ணிப் பாருங்கள்.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம். இவை நான்கு. துத்தநாகம், போரான், இரும்பு, மாங்கனீசு, தாமிரம். இவை ஐந்து. புளிப்பு அல்லது காரம், உப்பின் அளவு, மக்கிய பொருளின் அளவு. இவை மூன்று. மொத்தம் 12.

ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண் இருக்கும். குறைவா, நடுத்தரமா, அதிகமா என்றும் இருக்கும். நம் மாநிலத்தில் அட்டை கன்னடத்தில் வரும். நாம் தமிழ் எழுத்துப் படித்தவர்கள். அதனால் பயப்படாதீர்கள். எண் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். கடிமெ என்றால் குறைவு, ஹெச்சு என்றால் அதிகம் என்பது நமக்குப் பேச்சில் தெரியும். எழுத்தைக் காட்டப் பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளையை அழையுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். குறைவு என்று எழுதிய இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். உரக் கடைக்கு அந்த அட்டையோடு போங்கள். கடைக்காரர் தருவதை வாங்குவது வேறு. நமக்குத் தேவையானதைக் கேட்டு வாங்குவது வேறு.

எவ்வளவு போடுவது? கந்தகம், துத்தநாகம், போரான் மூன்றும் குறைந்த சோதனை வயல்களில் இக்ரிசாட் போட்ட அளவைச் சொல்கிறேன். ஓர் எக்டேருக்கு ஜிப்சம் 200 கிலோ, துத்தநாக சல்பேட் 50 கிலோ, போரான் உரம் இரண்டரைக் கிலோ. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஜிப்சம் 80 கிலோ, துத்தநாக சல்பேட் 20 கிலோ, போரான் உரம் 1 கிலோ. இது அந்தச் சோதனையின் அளவு. உங்கள் வயலுக்கு உங்கள் அட்டை சொல்வதே அளவு.

ஓர் எச்சரிக்கை. போரான் குறைந்தாலும் கெடுதி. கூடினாலும் கெடுதி. உப்பைப் போலத்தான். கூடினால் அதுவே பயிருக்கு விஷமாகும். ஆகவே அட்டையைப் பார்க்காமல் போடாதீர்கள். இந்தச் சத்துகளை ஆண்டுதோறும் போடவேண்டியதும் இல்லை. ஒருமுறை போட்டால் சில பருவங்களுக்கு மண்ணில் மிச்சம் நிற்கும். துத்தநாக சல்பேட்டை மணிச்சத்து உரத்தோடு கலந்து போடாதீர்கள். தனியாக, காய்ந்த மணலோடு கலந்து தூவுங்கள்.

நம் ஊருக்கு மட்டும் இன்னோர் எச்சரிக்கை. நம் ஊரில் சயனைடு மேடுகள் இருக்கின்றன. காற்று அடித்தால் அந்தத் தூள் பறக்கிறது. மண் வள அட்டை அந்த 12 விஷயங்களை மட்டும்தான் பார்க்கும். சுரங்கக் கழிவில் உள்ள விஷப் பொருள்களை அது பார்க்காது. அட்டை நன்றாக இருக்கிறது என்பதற்காக மேட்டுக்கு ஒட்டிய நிலம் சுத்தம் என்று எண்ண வேண்டாம். உங்கள் வயல் மேட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அதிகாரிகளிடம் சொல்லித் தனிச் சோதனை கேளுங்கள். அந்த மேட்டு மணலை வயலுக்கு அள்ளிப் போடவே போடாதீர்கள்.

காசு இல்லாதவர் என்ன செய்வது?

சத்து உரம் வாங்கக் காசு வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காசு குறைவாகச் செலவாகும் வழிகளை முதலில் செய்வோம். சரிவுக்குக் குறுக்கே உழுவோம். துவரை வரிசை விடுவோம். மாட்டுச் சாணத்தையும் வீட்டுக் குப்பையையும் மக்க வைத்துப் போடுவோம். கோலார் மாவட்டத்தில் ஏரிகளுக்குக் குறைவில்லை. சாக்கடையும் சுரங்கக் கழிவும் கலக்காத ஏரியின் வண்டல் செம்மண்ணுக்கு நல்லது. மண் தண்ணீரைப் பிடித்து வைக்க உதவும். அது கோடையில் செய்யும் வேலை. ஊர் கூடிச் செய்தால் வண்டிச் செலவும் குறையும்.

அதோடு, அட்டை செலவைக் கூட்டுவதற்கு மட்டும் அல்ல, குறைப்பதற்கும் உதவும். ஒரு சத்து அதிகம் என்று வந்தால் அந்த உரத்துக்குப் போட்ட பணத்தைக் குறைக்கலாம். அந்தப் பணத்தில் குறைவான சத்தை வாங்கலாம்.

எல்லாவற்றையும் ஆராய்ச்சி தீர்த்துவிடாது. மழையே பெய்யாத ஆண்டில் எந்த விதையும் எந்த உரமும் விளைச்சல் தராது. விளைந்த பிறகு நல்ல விலை கிடைப்பது வேறு போராட்டம். குத்தகைக்காரருக்கு நிலத்தின் காகிதம் கையில் இல்லை. சர்வே எண்ணை நிலத்துக்காரரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இவை எல்லாம் உண்மை. ஆனால் சுமாரான மழை பெய்யும் ஆண்டுகள் இருக்கின்றனவே. அந்த ஆண்டுகளில் ஒரு மூட்டை ராகி கூடினால் அது யாருக்கு? நம் பிள்ளைகளுக்கு. 100 கிராம் ராகியில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியைவிடப் பல மடங்கு. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. நம் களியின் பெருமை உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. நாம் அதை விட்டுவிடக் கூடாது.

ஆகவே நம் குழுவில் மூன்று வேலைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, நிலம் உள்ளவர்கள், குத்தகை செய்கிறவர்கள் பெயரை எழுதுவோம். இரண்டு, வரும் கோடையில் எல்லோரும் ஒரே வாரத்தில் மண் எடுப்போம். ஒருவர் பேருந்துச் செலவில் பத்துப் பேரின் பைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். மூன்று, அட்டை வந்ததும் இங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்போம். யார் வயலில் என்ன குறைவு என்று கரும்பலகையில் எழுதுவோம்.

உங்களில் ஜி.கே.வி.கே. போக விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். நவம்பர் மாதத்தை ஒட்டி அங்கே கிருஷி மேளா நடப்பது வழக்கம். தேதி தெரிந்ததும் சேர்ந்து போகலாம். விஞ்ஞானிகளிடம் நேரில் கேட்கலாம். கேள்விகளை முன்கூட்டியே நோட்டில் எழுதிக்கொண்டு போவோம்.

இப்போது பலகைக்கு வாருங்கள். மண் பையில் வைக்கும் சீட்டை ஒவ்வொருவரும் ஒருமுறை எழுதிப் பார்ப்போம். முதல் வரி பெயர். இரண்டாவது வரி ஊர். மூன்றாவது வரி சர்வே எண்.